பெண் வீட்டார்

பிப்ரவரி 22, புதன். திருநீற்றுப் புதன்

பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவளை டைரி எழுத வைத்த முதல் குருவானவர் எங்கள் சகாயதாஸ் ஃபாதராகத்தான் இருப்பார். வயது முப்பத்தொன்று. என் மகள் ஹெலனை விடச் சின்னவர். காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு போய் அவர் முன்னால் முழங்காலிட்டேன். புருஷனோடு பேசுவதில்லை என்று சொன்னேன்.

"எத்தன நாளாம்மா?"

"இன்னையோட நூத்தி ரெண்டு நாள்."

 ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?"

"முப்பத்தோரு வருசம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவ ஃபாதர். தேதி மறக்காது."

வழக்கமாக மூன்று மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். இவர் கொடுத்த பரிகாரம் வேறு. உயிர்த்த ஞாயிறான ஈஸ்டர் வரைக்கும் தினமும் என் வீட்டுக்காரரைப் பற்றி நன்றி சொல்ல ஒரு காரியம் கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். ஒரு வரி போதுமாம். வேறு ஏதாவது கொடுங்கள், ஒரு வேளை சாப்பாட்டை விடுகிறேன், முழங்காலில் சிலுவைப்பாதை செய்கிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தேன். மனுஷர் அசையவில்லை. அலமாரியில் ஒரு பழைய டைரி கிடந்தது. அச்சடித்த கிழமையை எல்லாம் அடித்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் கித்தேரியம்மாள். அவர் பெயர் இஞ்ஞாசிமுத்து. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, நாங்கள் இரண்டே பேர். மேசையில் சோறு இருக்கும், வந்து சாப்பிடுவார். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். நாங்கள் பேசாதது வெளியே ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் தப்பித்துக்கொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால், கல்யாணம் முடிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் எங்கள் கோயில் பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிற ஜோடி நாங்கள்தான். பன்னிரண்டு வருடமாக எடுக்கிறோம்.

நன்றி: அடுத்த அறையில் படுக்கிறார். குறட்டை கேட்பதில்லை.

பிப்ரவரி 23, வியாழன்

நன்றி: குழாயை இறுக்கி மூடுகிறார். இதற்கு மேல் இன்று ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 25, சனி

நெத்திலி வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை. தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, சட்டியோடு அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவிக்காமல் விட்டால் மீனுக்குத்தானே நஷ்டம். குழம்பு வைத்தேன்.

மத்தியானம் ஓசூரிலிருந்து ஹெலன் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒன் பிரஷர் மாத்திர தீந்துட்டான்னு அப்பா கேக்காங்க."

"இன்னும் ஒரு அட்ட கெடக்குன்னு சொல்லு."

"அப்பா எங்க இருக்காங்க?"

"எதுக்க. நாற்காலில."

"ரெண்டு பேருக்கும் நாலடி தூரம். நான் ஐந்நூறு கிலோமீட்டர். எனக்கு இது தேவையா? நான் என்ன தபால்காரியா?" என்று கத்தினாள். தபால்காரிதான், யார் பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நன்றி: நெத்திலியில் ஒரு மணல்கூட இல்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் சகாயதாஸ் ஃபாதர் எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்திவிட்டார். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மாலை மாற்றப் போகிறவர்களுக்கு இப்போதுதான் வகுப்பு வைப்பார்கள்.

"மார்ச் இருபத்தஞ்சு, சனிக்கெழம. பதிமூணு ஜோடி வருது சார். நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல" என்றார். பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கொடிமரத்தைப் பார்த்தார். பாவம், என் கதை அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரரும் அவரிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், ஆகையால் அந்தக் கதையும் தெரிந்திருக்கும். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. கொடிமரத்தைப் பார்க்காமல் என்ன செய்வார்?

"சரி ஃபாதர்" என்றார் இவர். "சரி ஃபாதர்" என்றேன் நானும். ஃபாதரிடம் சொன்னோம், எங்களுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை.

வகுப்பு எடுப்பேன். ஆனால் நவம்பரில் சொன்ன அந்தக் கதையை மறுபடியும் மைக்கில் சொன்னாரானால், அந்த மேடையிலிருந்து இறங்கி நேரே ஓசூருக்குப் போய்விடுவேன். திரும்பி வரமாட்டேன். ஹெலன் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. பெட்டியில் நாலு சேலை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நன்றி: பூசைக்கு என் செருப்பைத் துடைத்து வைத்திருந்தார். எப்போது துடைத்தாரோ தெரியவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

என்ன கதை என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு நான் வீட்டை விட்டுப் போனால் ஹெலனுக்காவது காரணம் தெரிய வேண்டும்.

வகுப்பில் முதல் பாதி அவருக்கு. திருமணம் ஓர் அடையாளம் என்பதைச் சொல்லிக் கொடுப்பார். பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் கிறிஸ்து, மணவாளன் என்று எழுதுவார். வலது பக்கம் திருச்சபை, மணவாட்டி என்று எழுதுவார். விசுவாசிக்கும் ஆண்டவருக்கும் உள்ள உறவு எப்படியோ அப்படித்தான் கணவன் மனைவி உறவும் என்று பவுலடியார் சொன்னதை விளக்குவார். பிறகு இடது பக்கம் கிறிஸ்துவுக்குக் கீழே கணவன், வலது பக்கம் திருச்சபைக்குக் கீழே மனைவி. பன்னிரண்டு வருடமாக இதே பாடம்தான். இரண்டாம் பாதி எனக்கு. மாமியார், சமையல், செல்போன், கோபம், இந்த மாதிரி காரியங்களை நான் பேசுவேன்.

போன நவம்பர் பன்னிரண்டாம் தேதி புதிதாக ஓர் உதாரணம் சொன்னார். எங்கள் மூத்த பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனது. இருதயம் சரியில்லை. அதன் பிறகு நான் ஒரு வருடம் கோயில் பக்கம் போகவில்லை. இதை மைக்கில் சொன்னார். "என் மனைவி ஆண்டவர விட்டுட்டுப் போயிட்டா. நான் தினமும் காலப் பூசைக்குப் போய் அவளுக்காகக் காத்திருந்தேன். வழிமாறின மணவாட்டிக்காகக் கிறிஸ்து காத்திருக்க மாதிரி."

ஆக அவர் கிறிஸ்து. நான் ஓடிப்போனவள். பதினாறு ஜோடி என்னைத் திரும்பிப் பார்த்தது. டீ இடைவேளையில் ஒரு பெண்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்காக ஜெபிக்கேன் ஆண்ட்டி" என்றாள். முப்பத்து மூன்று வருடம் கழித்து ஜெபிக்கிறாளாம்.

நான் கோயிலுக்குத் திரும்பியது அவருடைய காத்திருப்பினால் இல்லை, அதையும் எழுதி வைக்கிறேன். அந்த ஒரு வருடம் அடுப்படியில் நின்றுகொண்டு ஆண்டவரைத் திட்டாத நாள் கிடையாது. ஒரு பதிலும் வரவில்லை. வீட்டிலிருந்து திட்டினால் காதில் விழாது போலிருக்கிறது, நேரில் போய்த் திட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனேன். அதோடு போய்க்கொண்டிருக்கிறேன்.

நன்றி: என்னத்தைச் சொல்ல. இட்லிக்கு மாவு ஆட்டிக் கொடுத்தார்.

மார்ச் 1, புதன்

நன்றி: இன்று ஒன்றும் செய்யவில்லை. அதனால் ஒன்றும் உடையவில்லை.

மார்ச் 6, திங்கள்

அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று இரும ஆரம்பித்தார், இன்று சத்தமே வரவில்லை. பேசாத பெண்டாட்டிக்குப் பேச முடியாத புருஷன். நல்ல பொருத்தம்தான்.

மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. இந்த நூறு நாளில் எதை விட்டாலும் இதை நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதி அவர் சொல்வார், இரண்டாம் பாதி நான் சொல்வேன். அது பேச்சுக் கணக்கில் வராது. அவர் மாதாவிடம் பேசுகிறார், நானும் மாதாவிடம் பேசுகிறேன், அவ்வளவுதான்.

இன்று அவர் பக்கத்தில் முழங்காலிட்டு உதட்டை மட்டும் அசைத்தார். நான் இரண்டு பாதியையும் சொன்னேன். ஐம்பத்து மூன்று மணியும் நானே. முதல் பத்து மணியிலேயே மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் முடிக்கிற இடத்தில் நான் காத்து நின்றேன், பிறகுதான் நானே சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் ஒரு நாளைக்கு அந்தக் குரலை இவ்வளவு நேரம் நான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதே இன்றுதான் தெரிந்தது.

சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து மேசையில் வைத்தேன். குடித்தார். பாத்திரத்தைக் கழுவி வைத்தார்.

நன்றி: எழுதத் தெரியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 8, புதன்

நன்றி: குரல் வந்துவிட்டது. கரகரவென்று இருக்கிறது, ஆனாலும் வந்துவிட்டது.

மார்ச் 10, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். என் கூட வேலை பார்த்த பிரகாசியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு ஒனக்கு மொதல்ல கஞ்சி வாங்கிக் குடுத்துட்டுல்லா தான் வாங்குதாரு. எங்க வீட்டுல உள்ளதுக்கு நான் ஒருத்தி இருக்கதே ஞாபகம் கெடையாது. நீ குடுத்து வச்சவ, கித்தேரி" என்றாள்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல? கஞ்சியைக் கையில் கொடுத்தபோது அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பார்க்கிறவர்களுக்கு அதுதான் அன்னியோன்னியமாகத் தெரிகிறது. துவையலை மட்டும் என் தட்டில் அதிகமாக வைத்திருந்தார்.

நன்றி: துவையல்.

மார்ச் 17, வெள்ளி

பிள்ளை இறந்த இந்தத் தேதியில் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். வருடா வருடம், தனியாக. அவரிடம் சொல்வதில்லை. சாயங்காலம் போய் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவேன். இன்று சாயங்காலம் சிலுவைப்பாதை இருப்பதால் காலையிலேயே போனேன்.

வாசலில் அவருடைய டி.வி.எஸ். நின்றது.

கம்பிக் கதவருகில் நின்று பார்த்தேன். சின்னக் கல்லறை, முழ நீளம்கூட இராது. அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பழைய கத்தியால் போன வருடத்து மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த புல்லை எல்லாம் பிடுங்கிக் குவித்திருந்தார். ஒவ்வொரு வருடமும் நான் போகும்போது அந்த இடம் சுத்தமாகத்தான் இருக்கும். தோட்டக்காரன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

உள்ளே போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இந்த டைரியில் பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். என்னை ஓடிப்போனவள் என்று சொன்னதற்காக மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை. பிள்ளைக்கு கிளமெண்ட் என்று பெயர். ஆஸ்பத்திரியில் நர்சு தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததே கிடையாது. நான் சொன்னாலும் எழுந்து போய்விடுவார். அதனால் நானும் விட்டுவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் இந்த வீட்டுக்குள் சொல்லாத பெயரை, அன்றைக்கு மைக்கில் சொன்னார். யாரென்று தெரியாத முப்பத்திரண்டு பேருக்குச் சொன்னார். நானும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

நன்றி: அங்கே புல் இல்லை.

மார்ச் 20, திங்கள்

நன்றி: காலையில் கூடத்தில் ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார். ராகம் தப்பு. நான் திருத்தவில்லை.

மார்ச் 24, வெள்ளி

நாளைக்கு வகுப்பு. மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக எடுக்கிற பாடத்துக்கு என்ன எழுத வேண்டிக் கிடக்கிறது? கிழித்துப் போட்டதை எடுத்துப் பார்க்கலாம் என்று கை பரபரத்தது. பார்க்கவில்லை. அடுத்தவர் கடுதாசியைப் பார்க்காமல் முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

என்னுடைய ஊதாச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருக்கிறார். நாளைக்கு அதைத்தான் கட்டப் போகிறேன் என்று அவரிடம் யார் சொன்னது?

பெட்டி தயாராக இருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால் போய்விடுவேன். சொல்லக் கூடாது, ஆண்டவரே. சொல்லாமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு ஓசூரில் குளிர் ஒத்துக்கொள்ளாது.

நன்றி: சேலை.

மார்ச் 25, சனி. மங்கள வார்த்தைத் திருநாள்

சாயங்காலம் ஐந்து மணி.  வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பங்கு மண்டபத்தில் பதிமூன்று ஜோடி. முன்வரிசையில் சகாயதாஸ் ஃபாதர். நான் மேடையில் ஓரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் எழுந்து பலகையில் நடுவே கோடு கிழித்தார். இடது பக்கம் கிறிஸ்து, மணவாளன். வலது பக்கம் திருச்சபை, மணவாட்டி. இடது பக்கம் கீழே கணவன். வலது பக்கம் கீழே மனைவி. எல்லாம் வழக்கம்போல.

 பிறகு உள்ளங்கையால் 'கணவன்' என்கிற எழுத்தைத் துடைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. பன்னெண்டு வருசமாத் தப்பாவே சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார்.

ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்தேன்.

"எங்களுக்கு ஒரு பையன் பொறந்து ஒம்பது நாள்ல போயிட்டான். அதுக்கப்புறம் என் வீட்டுக்காரி ஒரு வருசம் கோயிலுக்கு வரல. நான் தெனமும் காலப் பூசைக்குப் போய் அவளுக்காகக் காத்திருந்தேன், கிறிஸ்து மாதிரின்னு போன வகுப்புல சொன்னேன்."

சொல்லிவிட்டார். நான் எழுந்துவிட்டேன். கால் மேடைப் படிக்கு வந்துவிட்டது.

"அது பொய்" என்றார்.

நான் படியில் நின்றேன்.

"ஒரு நாளுகூட நான் கோயிலுக்குள்ள போகல. அஞ்சரைக்கு வீட்ட விட்டுப் பொறப்படுவேன். கல்லறத் தோட்டத்து மதில்ல போய் உக்காந்துக்கிடுவேன். பூச முடிஞ்சு மணி அடிக்கும். கோயில் வாசல் தொட்டில தீர்த்தத்தத் தொட்டு நெத்தில வச்சிக்கிட்டு வீட்டுக்கு வருவேன். அவ பாக்கணும்லா, அதுக்காக." சாக்பீஸை மறு கைக்கு மாற்றினார். "அவ ஆண்டவர்கிட்டக் கோவிச்சுக்கிட்டா. கோவம்னு சொல்லிட்டே இருந்தா. நான் சொல்லாம இருந்தேன். ஒரு வருசம் கழிச்சு அவ கோயிலுக்குப் போனா. அன்னைக்குத்தான் அவ பின்னாலேயே நானும் உள்ள போனேன். அவ போயிருக்காட்டா நான் இன்னைக்கும் அந்த மதில்லதான் உக்காந்திருப்பேன்."

பலகையில் வலது பக்கம், 'மனைவி'க்குப் பக்கத்தில், 'கணவன்' என்று எழுதினார். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத்தை வைத்து எழுதி முடித்தார்.

முன்னால் இருந்த ஒரு பையன், நல்ல தைரியசாலி, எழுந்து கேட்டான். "அப்போ இடது பக்கம் ஆம்பளைக்கு எடமே இல்லையா அங்கிள்? கணவன் கிறிஸ்து மாதிரி அன்பு செய்யணும்னு எழுதிருக்குல்லா?"

"அன்பு செய்யத்தான் எழுதிருக்கு. அவரா நெனச்சுக்கிடச் சொல்லி எழுதல." பையன் தலையைச் சொறிந்தான். இவர் சிரிக்கவில்லை. "கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டுக்காரன்னா ஒரு மெதப்பு இருக்கும். எதுக்கெடுத்தாலும் மொறைப்பான். இங்க மாப்பிள்ள ஒருத்தர்தான், அவரு மேல இருக்காரு. நாம அத்தன பேரும் பொண்ணு வீடு. மீச வச்ச நானும் பொண்ணு வீடுதான். கூட்டிட்டுப் போக வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டிய ஆளுதான். என் வீட்டுக்காரிக்குப் பக்கத்துல நிக்க வேண்டியவன், எதுக்கப் போய் நின்னுக்கிட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கை தட்டவில்லை. சகாயதாஸ் ஃபாதர் மூக்கைச் சிந்திவிட்டு, "டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

இரண்டாம் பாதி என்னுடையது. படியிலிருந்து மைக்குக்குப் போனேன். மாமியார், சமையல், செல்போன் எல்லாம் வாயிலிருந்து தானாக வந்தது. கடைசியில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "ஆண்ட்டி, சண்ட வந்தா எத்தன நாளுக்குள்ள பேசிரணும்?" வழக்கமாக, பொழுது சாய்வதற்குள் என்று சொல்வேன்.

"நூத்தி முப்பத்து மூணு நாள் ஆகாமப் பாத்துக்கிடுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும் இவரும் சிரிக்கவில்லை.

டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. கோபம் இரண்டு மடங்காகியிருக்கிறது. முப்பத்து நாலு வருடம் இந்த வீட்டில் விசுவாசத்தில் குறைந்தவள் நான் என்று நானே நம்பிக்கொண்டு இருந்தேனே. பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

நன்றி: பொய் என்று சொன்னார்.

மார்ச் 26, ஞாயிறு

ஏழு மணிப் பூசைக்குப் போகவில்லை. ஒன்பதரைப் பூசைக்குத்தான் போனோம். காரணம் எழுதுகிறேன்.

காலையில் இட்லிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதே அடுப்படி. பிள்ளை இறந்த வருடம் இதே தொட்டியில் பாத்திரம் கழுவும்போதுதான் ஆண்டவரைத் திட்ட ஆரம்பிப்பேன். கல்நெஞ்சுக்காரர், கண் இல்லையா, கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்கு வெட்கமாக இல்லையா என்று நாள் தவறாமல் கேட்பேன். அந்த வருடம் ஆண்டவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். போகவே இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரோடு அவ்வளவு பேசியது கிடையாது. அவரும் போகவில்லை. இந்த அடுப்படியிலேயே நின்று அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த மனுஷரை நான் ஒரு வசவுகூடத் திட்டவில்லை. நூற்று முப்பத்து மூன்று நாள் மரியாதையாக நடந்துகொண்டேன். சோறு வைத்தேன், கஷாயம் வைத்தேன். ஆண்டவருக்குக் கொடுத்ததில் பாதியைக்கூட இவருக்குக் கொடுக்கவில்லை.

சட்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒமக்கெல்லாம் மனசாட்சி உண்டுமா?" என்றேன்.

பேப்பர் கீழே விழுந்தது.

"முப்பத்து நாலு வருசம்! தீர்த்தத்தத் தொட்டு நெத்தில வச்சிட்டு வந்தீராம். நான் அதப் பாத்துப் பாத்து, இந்த மனுசனுக்கு இருக்க விசுவாசம் எனக்கு இல்லையேன்னு செத்துக்கிட்டு இருந்தேன். கள்ளன்! பச்சக் கள்ளன்!" கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். 'நீர்' ஆண்டவருக்குச் சொல்வது. கோபத்தில் எது யாருக்கென்று மாறிப்போய்விட்டது.

"ஆமா" என்றார்.

"ஆமாவா? ஆமான்னா ஆச்சா? அவன் பேர வீட்டுல சொல்ல வாயில்ல, மைக்குன்னா வாய் வருதோ?"

"வீட்டுல சொன்னா ஒன் மூஞ்சியப் பாக்கணும்லா கித்தேரி. மைக்குக்கு மூஞ்சி கெடையாது."

அதற்கும் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள், திறக்கட்டும். கோயில் மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், ஏதோ பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"சிரிக்கீரா?"

"இல்ல. நீ சொல்லு."

மூச்சு முட்டி உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

"அந்த மதில்ல உக்காந்து ஒரு வருசமா என்ன செஞ்சிய?"

"அழுவேன்."

"தனியாவா?"

"பின்ன?"

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா. நானும் வந்து அழுதிருப்பேன்லா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பதினேழாந்தேதி நீ கேட்டுப் பக்கத்துல வந்து நின்ன. ஒன் நெழல் கல்லற மேல விழுந்துச்சு. இன்னைக்குக் கூப்பிடுவான்னு நெனச்சேன். நீ போயிட்ட" என்றார்.

தம்ளரைக் கீழே வைத்தேன். 

"கிளமெண்ட்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு மறுபடியும் சொன்னார். இரண்டு பேரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதோம். ஹெலன் போனில் கூப்பிட்டிருக்கிறாள், இரண்டு பேருமே எடுக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, ஒன்பதரைப் பூசைக்குப் போனோம். ஆண்கள் பக்கம் இடம் இருந்தது. ஆனாலும் பெண்கள் பக்கம் வந்து, என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிரகாசியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பீடத்திலிருந்து சகாயதாஸ் ஃபாதரும் பார்த்தார், இந்த முறை நேராகவே பார்த்தார்.

ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்றத்தின் போது நான் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆண்டவரே, திட்டுவதற்கு எனக்கு இரண்டு பேரைக் கொடுத்தீர். இரண்டு பேருமே என்னை விட்டுப் போகவில்லை. நன்றி.